கிணற்றுக்கு ஏற்ற மோட்டார், புல்லுக்கு ஏற்ற மாடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் ஏதாவது பேசு, உன் தொழில் சம்பந்தமா இருந்தா நல்லது" என்றார். நான் பம்பு டிசைன் செய்கிற இன்ஜினியர். பம்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் முன்வரிசை தூங்கிவிடும், பின்வரிசை கேண்டீனுக்குப் போய்விடும். அதனால் மாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். 'எபிஷியன்சி' என்ற சொல்லுக்கு அர்த்தத்தை நான் இந்தக் கல்லூரியில் படித்தேன். அது எனக்குப் புரிந்தது என் அப்பாவின் மாட்டுக் கிடையில்தான். இடையில் நான் ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். அந்தத் தப்பைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

எங்கள் ஊர் கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கு என்றதும் உங்களுக்கு நினைவு வருவது முல்லைப் பெரியாறு, இருபோக நெல், பன்னீர் திராட்சை, சுருளி அருவி. மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரை, 1895இல் பென்னிகுயிக் என்ற ஒரு இன்ஜினியர் கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீரில்தான் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை வயல் பச்சையாக இருக்கிறது. எங்கள் பக்கம் பொங்கல் வைக்கும்போது சூரியனுக்கு அடுத்து அவர் படத்துக்கும் ஒரு கும்பிடு போடுகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த வயலுக்கு எரு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது மலைமாட்டிடமிருந்து வந்தது. செவலை, காரி, மயிலை, புள்ளை என்று எல்லா நிறத்திலும் இருக்கும். சின்ன உடம்பு, வலுவான கால், கூரான கொம்பு. பழக்கமில்லாத ஆள் கிட்டே போனால் குத்த வரும். காலையில் மேகமலைச் சரிவில் ஏறும், சாயங்காலம் இறங்கும். ராத்திரியில் யாராவது ஒருவர் தோட்டத்தில் கிடை போடுவோம். காட்டில் தின்றதைத் தோட்டத்தில் சாணியாகவும் கோமியமாகவும் போட்டுவிட்டு மறுநாள் காலை கிளம்பிவிடும். கிடைக்கு ராத்திரிக்கு இத்தனை என்று கூலி. கிடையில் சேர்கிற சாணம் காய்ந்து மூட்டையாகி, கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு லாரியில் போகும். உழவுக்கு எருது, வாடிவாசலுக்குக் காளை, தோட்டத்துக்குச் சாணம், அடுத்த தலைமுறைக்குக் கிடேரி. இவ்வளவுதான் மலைமாட்டின் வரவு. வயசானது, மலட்டு மாடு எல்லாம் கடைசியில் அடிமாடாகக் கேரளத்துக்குப் போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வரவுப் பட்டியலில் பால் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மலைமாட்டைப் பொதுவாகக் கறப்பதில்லை. இருக்கிற கொஞ்சம் பாலும் கன்றுக்கு.

2014 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். படித்து முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கையில் சம்பளம், தலையில் கர்வம். எங்கள் கிடையில் அப்போது 42 பசுக்கள். ஒரு பசுவைக் கஷ்டப்பட்டுக் கட்டிப் போட்டுக் கறந்து பார்த்தால் இரண்டு லிட்டர்கூட வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருந்த கலப்பின மாடு ஒன்று பத்து லிட்டர் கறந்தது. நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். "அப்பா, நீங்க 42 மாடு வச்சிருக்கீங்க. நாலு மாட்டுப் பால்கூட வரல. இது நஷ்ட எஞ்சின்" என்றேன்.

அப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம மாடு பாலக் குடுக்கல தம்பி, கன்னக் குடுக்குது."

படிக்காத மனுஷன் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். "கறக்க வேண்டாம்ப்பா. பால் அதிகமா இருந்தா கன்னு நல்லாக் குடிக்கும், சீக்கிரம் வளரும், நல்ல விலைக்குப் போகும்ல? தாய்க்குப் பால் கூடினா கன்னுக்கு எடை கூடும். இது சயின்ஸ்" என்றேன். மகன் இன்ஜினியராயிற்றே, அப்பா மறுக்கவில்லை. ஜெர்சி ரத்தம் அதிகம் உள்ள ஒரு பொலிகாளையை என் பணத்தில் வாங்கினோம். அது மலை ஏறவில்லை. அடிவாரத்துத் தொழுவிலேயே நின்றுகொண்டது. பருவத்துக்கு வந்த பசுக்களை அதனிடம் ஓட்டி வந்தோம். இரண்டு மூன்று வருஷத்தில் கலப்புக் கிடேரிகள் 11 தேறின. வேலை முடிந்ததும் 2017இல் அப்பா காளையை விற்றுவிட்டார். அதற்குத் தீனி போட்டு மாளவில்லை என்றார்.

2018 ஐப்பசியில் தொடங்கி 2019 சித்திரைக்குள் அந்தப் 11 கிடேரிகளும் முதல் ஈத்து ஈன்றன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்றிரண்டைக் கன்றைப் பிரித்து வைத்துக் கறந்து பார்த்தோம். நாளைக்கு ஐந்து லிட்டருக்கு மேல் வந்தது. நாலு மாதத்தில் கன்றுகள் மினுமினு என்று உருண்டு திரண்டு நின்றன. நான் போட்டோ எடுத்து நம் பேட்ச் வாட்ஸாப் குழுவில் போட்டேன். பலர் கைதட்டல் படம் போட்டீர்கள், ஞாபகம் இருக்கும். அதன் பிறகு நடந்ததை நான் போடவில்லை. இன்று சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனி வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது. ஊருக்கு வந்தேன். பதினைந்து மாதம் இருந்தேன். காலையில் மாட்டுக்குப் பின்னால் மலைக்கு நடப்பேன், மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டர். அப்போதுதான் பார்த்தேன். என் கலப்பு மாடுகளில் பலவும் விலா எலும்பும் இடுப்பெலும்பும் தள்ளி நின்றன. ஈன்று ஒரு வருஷம் ஆகியும் பருவத்துக்கே வரவில்லை. 11இல் 4 மட்டுமே மறுபடி ஈன்றிருந்தன அல்லது சினையாக இருந்தன. அதே சமயத்தில் முதல் ஈத்து ஈன்ற நாட்டுக் கிடேரிகள் 12 இருந்தன. அவற்றில் 9 மறு ஈத்துக்குத் தயார். அந்தக் கோடையில் என் மாடுகளில் இரண்டு செத்தும் போயின.

எங்கே தப்பு? இன்ஜினியருக்குத் தூக்கம் வராத கேள்வி இது. பழைய தெர்மோ நோட்டு கையில் இல்லை, ஆனால் சார் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது: "எபிஷியன்சி கேக்கறதுக்கு முன்னாடி பவுண்டரி எங்கன்னு கேளு." எதற்குள்ளே எது போகிறது, எது வெளியே வருகிறது என்று ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். நான் கோட்டை ஒரு மாட்டின் மடியைச் சுற்றிப் போட்டிருந்தேன். அப்பா கோட்டைக் கிடை முழுவதையும், மலைச் சரிவையும், மூன்று வருஷத்தையும் சுற்றிப் போட்டிருந்தார்.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.

சுமார் 250 கிலோ எடையுள்ள ஒரு நாட்டுப் பசு, பால் கொடுக்காமல், சினையாக இல்லாமல், சும்மா உயிரோடு நிற்பதற்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ நாலரை மெகா கலோரி நிகர ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பாலில் சுமார் முக்கால் மெகா கலோரி போகிறது. அப்படியானால் இரண்டு லிட்டர் பாலுக்கு ஒன்றரை. ஆறு லிட்டருக்கு? நாலரை. அதாவது ஆறு லிட்டர் கொடுக்கிற மாட்டுக்குள்ளே இன்னொரு முழு மாடு ஒளிந்துகொண்டு தீனி கேட்கிறது. கட்டுத்தறியில் புண்ணாக்கும் தவிடும் பசுந்தீவனமும் போட்டால் அந்த இரண்டாவது மாட்டுக்கும் கிடைக்கும். மேகமலைச் சரிவில், பங்குனி மாதத்துக் காய்ந்த புல்லில் யார் கொடுப்பது? போதாக்குறைக்கு மலை ஏறி இறங்கி மேய்வதற்கே தனிச் செலவு. கரடுமுரடான மேட்டு நிலத்தில் மேயும் மாட்டுக்கு அந்த நிற்கும் செலவே ஒன்றரை மடங்கு வரை போகலாம்.

சரி, பால் வற்றிய பிறகாவது செலவு குறையுமா? அங்கேதான் எனக்கு இன்னொரு அடி. அமெரிக்காவில் இறைச்சி மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு இதே பிரச்சினை உண்டு. அவர்களும் தாய்ப் பசுவைக் கறப்பதில்லை. கன்று தாயிடம் குடித்து வளர்ந்து எட்டு மாதத்தில் பிரிக்கப்படும். அந்தக் கன்றுதான் வரவு. பால் அதிகமுள்ள ஜாதிகளைக் கலந்தால் கன்று பெரிதாகும் என்று அங்கேயும் கலந்து பார்த்தார்கள். அங்குள்ள விஞ்ஞானிகள் அளந்து சொன்னது: அதிகப் பால் கொடுக்கும் ஜாதி மாடுகளுக்கு, மடி வற்றிய காலத்திலும் சும்மா நிற்கும் செலவு அதிகம். ஈரலும் குடலும் அந்தப் பெரிய உற்பத்திக்கு ஏற்றாற்போல் பெரிதாக அமைந்திருப்பது ஒரு காரணம். அந்நாட்டு தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1996இல் வெளியிட்ட தீவன அட்டவணையில், வழக்கமான இறைச்சி ஜாதிகளை விடப் பால் ஜாதிகளுக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல், நம் திமில் மாட்டு இனங்களுக்குச் சுமார் 10 சதவீதம் குறைவு என்றே கணக்கு. சிக்னலில் நிற்கும்போது பெரிய எஞ்சின் பெட்ரோல் குடிப்பதில்லையா, அதுபோல. இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கன்றுப் பண்ணை முழுவதும் தின்னும் தீவனத்தில் பெரும்பகுதி, தாய்ப் பசுக்கள் உயிரோடு நிற்பதற்கே போகிறது. ஆகவே அந்த 20 சதவீதம் சின்ன எண் அல்ல.

அடுத்து, நாள் கணக்கு. பசுவின் சினைக்காலம் சுமார் 285 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் 365இல் மிச்சம் 80 நாள். அந்த 80 நாளுக்குள் மாடு தேறிப் பருவத்துக்கு வந்து சினை பிடித்தாக வேண்டும். ஆனால் ஈன்று இரண்டு மாத வாக்கில்தான் பால் உச்சத்தில் இருக்கும்! செலவு உச்சத்தில் நிற்கிற நேரத்திலேயே அடுத்த சினைக்கும் முதல் போட வேண்டியிருக்கிறது. கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பசுவின் உடம்பு வரிசை வைத்துக்கொள்ளும். முதலில் தன் உயிர். பிறகு மடியில் முட்டிக்கொண்டிருக்கும் கன்று. பிறகு உடம்பில் சதை. கடைசி வரிசையில்தான் அடுத்த கன்று. முதல் ஈத்துக் கிடேரிக்கு இன்னும் சிரமம். அது தானும் வளர வேண்டும். இயற்கை செய்த இந்தப் பட்ஜெட்டில் தப்பே கிடையாது. இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றாமல் அடுத்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற தாய் உண்டா?

சரி, கொழுகொழுவென்று நின்ற அந்தக் கன்றுகளின் லாபம்? லாபம் உண்மைதான். ஆனால் பால் கூடக்கூட ஒவ்வொரு கூடுதல் லிட்டரும் தரும் எடை குறைந்துகொண்டே வரும். வயிறு நிறையப் பால் குடித்த கன்று புல்லை அதிகம் தேடாது. பால் குறைவாகக் குடித்த கன்று சீக்கிரமே புல்லைக் கடித்துப் பழகிவிடும். புல்லைப் பசு தின்று, பாலாக்கி, அந்தப் பாலைக் கன்று குடித்து எடையாக்குவதை விட, கன்றே புல்லைத் தின்பது ஒரு கியர் குறைவு. கியர் கூடினால் நஷ்டம் கூடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் வெறும் வாதத்தை நம்பவில்லை. நோட்டுப் போட்டேன். எடை மெஷின் இல்லை, டேப் இருந்தது. கன்றின் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை பவுண்டில் வரும். பழைய முறைதான், ஆனால் ஒப்பிடப் போதும். உதை வாங்கியது தனிக் கணக்கு. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு தம்பி அளந்து போனில் சொல்லுவான். 2019 தொடக்கத்திலிருந்து 2022 பொங்கல் வரை எழுதினோம்.

கலப்பு மாடு 11. அவற்றின் கன்றுகளில் எட்டு மாதம் வரை தேறியவை 14. சராசரி எடை 104 கிலோ. நாட்டு மாடு 12. தேறிய கன்றுகள் 23. சராசரி 82 கிலோ. இரண்டு பக்கமும் அப்பன் நாட்டுக் காளைதான். கன்றை மட்டும் தராசில் வைத்தால் நான் ஜெயித்தேன், 22 கிலோ வித்தியாசத்தில். ஆனால் கிடையில் விட்ட ஒவ்வொரு பசுவுக்கும் என்ன கிடைத்தது என்று வகுத்துப் பாருங்கள். கலப்பு மாட்டுக்கு 132 கிலோ. நாட்டு மாட்டுக்கு 157 கிலோ. அதுவும் கூடுதலாகத் தின்றதை இன்னும் கழிக்கவில்லை, செத்த இரண்டு மாட்டின் விலையையும் கழிக்கவில்லை. இது ஆராய்ச்சிக் கட்டுரை அல்ல, ஒரே ஒரு கிடையின் நோட்டுக் கணக்கு. ஆனால் என் கர்வத்தை இறக்குவதற்கு அது போதுமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு "நாட்டு மாடு உசத்தி, சீமை மாடு மட்டம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நான் சொல்ல வந்தது அது இல்லை. எங்களிடம் பிழைத்திருந்த ஒன்பது கலப்பு மாடுகளில் ஐந்தை விற்றோம். நாலை வீட்டில் கட்டினோம். தோட்டத்து ஓரத்தில் கோ-4 தீவனப்புல் போட்டு, தவிடு புண்ணாக்கு வைத்து, என் தம்பி மனைவி பார்த்துக்கொள்கிறாள். அதே எலும்புக்கூடுகள் மூன்றே மாதத்தில் தேறின, சினை பிடித்தன, இன்று சொசைட்டிக்குப் பால் ஊற்றுகின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணம் அந்தப் பாலில்தான் போகிறது. மாடு மாறவில்லை, தீனி மாறியது. அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் ஒன்பது ஜாதி மாடுகளை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். முடிவு 1994இல் வெளிவந்தது. தீவனத்தைக் குறைத்துக் கொடுத்தபோது ரெட் போல், ஆங்கஸ் போன்ற நடுத்தர ஜாதிகள் முன்னால் நின்றன. தாராளமாகக் கொடுத்தபோது சாரோலே, சிம்மெண்டால் போன்ற பெரிய ஜாதிகள் முந்திக்கொண்டன. எது சிறந்த மாடு என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்தப் புல்லுக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் உண்டு.

வெட்கத்தோடு ஒன்று சொல்லட்டுமா? இது என் தொழிலில் அன்றாடம் நான் மற்றவர்களுக்குச் சொல்லும் பாடம். விவசாயி வந்து, "சார், பத்து எச்.பி. மோட்டார் குடுங்க" என்பார். "ஐயா, உங்க போர்ல எவ்வளவு ஊறுது?" என்று கேட்பேன். ஊற்று மணிக்கு மூவாயிரம் லிட்டர் என்றால் அதற்கு ஏற்ற மோட்டார்தான் போட வேண்டும். பெரிய மோட்டார் பத்து நிமிஷம் பிரமாதமாக இறைக்கும், பிறகு காற்றை இழுக்கும், பிறகு காயில் எரியும். பத்து நிமிஷத்துத் தண்ணீரைப் பார்த்துக் கைதட்டக் கூடாது, வருஷத்துத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். இதை நூறு பேருக்குச் சொன்னவன், அப்பாவின் கிடையில் பெரிய மோட்டாரை இறக்கிவிட்டு வாட்ஸாப்பில் போட்டோ போட்டேன்.

இனி, கதையின் இன்றைய நிலை. பெரிய மோட்டார் போய்விட்டது, ஆனால் இப்போது கிணறே வற்றுகிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அதை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குக் குறுக்கியது. எங்கள் மேய்ச்சல் மலை அந்த எல்லைக்குள் வருகிறது. காட்டின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மாட்டிடமிருந்து காட்டெருமைக்கு நோய் தொற்றலாம், மான் தின்னும் புல்லை மாடும் தின்னும், வைகைக்கு வரும் தண்ணீரே அந்த மலைக்காட்டில்தான் பிறக்கிறது. மாட்டுக்காரன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து போன பாதை அது. இந்த மேடையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

42 பசுக்கள் இருந்த கிடையில் இன்று 19. அடிவாரத்துத் தரிசிலும், அறுவடையான வயலிலும், வைக்கோலிலும் காலம் தள்ளுகிறோம். போன வருஷம் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, மொத்தமா வித்துருவோமா? அப்பாவுக்கும் முடியல. அங்கிட்டுப் போனா கேசு, இங்கிட்டு வந்தா தோட்டக்காரன் சண்டை. நீ ஒரு வார்த்த சொல்லு" என்றான்.

2014 என்றால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை ஊருக்குப் போனேன். நோட்டை எடுத்தோம். அப்போது கிடையில் 26 பசுக்கள். எந்தப் பசு மூன்று வருஷத்தில் எத்தனை கன்று கொடுத்தது என்று வரிசையாக எழுதினோம். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒவ்வொரு மாட்டின் தாய், பாட்டி, எந்த மழைக்கு எந்தக் கன்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வைக்கோல் மட்டும் தின்றும் மூன்று வருஷத்தில் இரண்டு கன்று போட்ட மாடுகள் 19 வந்தன. மிச்சம் ஏழை விற்றோம். அதில் ஒன்று பார்க்கப் பார்க்க அழகான மயிலை. அப்பாவின் செல்லம். மூன்று வருஷமாகச் சினையே நிற்கவில்லை. வியாபாரி வண்டியில் ஏற்றும்போது அப்பா தொழுவுக்குள்ளே போய்விட்டார். எங்கே போகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் கணக்கு சரியாக இருந்தால் வலிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மிச்சமிருக்கும் 19ஐ எத்தனை வருஷம் வைத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வைத்திருக்கிறோம். நாளைக்குப் புல் குறைவான காலம் வந்தால், குறைந்த தீனியில் நின்று, நடந்து, வேளைக்குச் சினை பிடிக்கிற குணம் யாருக்காவது தேவைப்படும். அதை ஒரு தடவை கலைத்துவிட்டால் எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்காது.

தம்பி தங்கைகளுக்கு இரண்டே வார்த்தை. நீங்கள் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் ஊரில் இருக்கிற எல்லாம் நஷ்ட எஞ்சினாகத் தெரியும். மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் அப்பா எந்தக் கணக்கில் அதை நடத்துகிறார் என்று கேளுங்கள். அவர் பதில் ஒரு வரியில்தான் இருக்கும். அதை விரித்து எழுத நாலு வருஷப் படிப்பு தேவைப்படும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாடு நடந்து போகும்போதே எடை காட்டுகிற ஒரு பலகை, லோடு செல் வைத்து, மூன்றாம் ஆண்டு மாணவர்களே செய்துவிடலாம். அடுத்த ப்ராஜெக்டாக அதை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. முதல் சோதனைக்கு எங்கள் கிடை இருக்கிறது. டேப்போடு உதை வாங்கிய அனுபவம் எனக்குப் போதும்.

அப்பாவை இன்று கூட்டி வர ஆசைப்பட்டேன். "உங்க காலேஜ்ல உங்களப் பத்தித்தான்ப்பா பேசப் போறேன்" என்றேன். "என்னப் பத்தி என்னடா இருக்கு? செவலைக்கு இன்னைக்கோ நாளைக்கோ மாசம் ஆயிரும். நான் எங்கிட்டு வர்றது?" என்றார். நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி போன் பண்ணினான். செவலை ஈன்றுவிட்டது. கிடேரிக் கன்று. நாலாவது ஈத்து.

அப்பாவிடம் நான் இதுவரை நேராக மன்னிப்புக் கேட்டதில்லை. எங்கள் பக்கம் அப்பனிடம் மகன் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும், இந்தப் பக்கத்தைத் தம்பி அவருக்குப் படித்துக் காட்டட்டும்.